நாற்காலிக்குக் கட்டிய உருமால்

வேடசந்தூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். திண்டுக்கல் மலை எனக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே வந்தது. தோளில் ஒரு துணி மூட்டை, வலது கையில் ஒரு கனத்த பூட்டு. வீடு வாசல் இல்லாதவனுக்குப் பூட்டு எதற்கு என்று கேட்பீர்கள். எறிவதற்கு. பின்னால் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரோட்டை விட்டு இறங்கிச் சோளக்கொல்லைக்குள் குந்திக்கொள்வேன். சத்தம் கடந்து போனதும் மறுபடி ஏறி நடப்பேன். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காலையில் குடித்த டீ மட்டும்தான் வயிற்றில் இருந்தது.

வீடு கட்டும் சங்கங்களில் புதிதாகப் பியூன் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக இதைச் சொல்கிறேன். வேலையை நான் கற்றுத்தரத் தேவையில்லை. ஆபீசைத் திறப்பது, பெருக்குவது, மணி அடிப்பது, டீ வாங்கி வருவது எல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். இந்த வேலையில் பயம் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சங்கத்தில் எல்லா நாற்காலியும் நிரம்பியிருக்கும் வரை நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு நாற்காலி காலியாகும்போதுதான் நம்மைக் கூப்பிடுவார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். அதற்கு முன்னால் ஆத்தூர்ப் பக்கம் நீர்த்தேக்கக் கரை வேலையில் மண் சுமந்திருக்கிறேன். மில்லில் பஞ்சு தள்ளியிருக்கிறேன். மதுரையில் ஒரு ஓட்டலில் மாவாட்டியிருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஓர் இடத்தில் ஒரு வருஷம் இருந்தால் கால் அரிக்கும். அப்படி அலைந்து திண்டுக்கல்லுக்கு வந்தபோது, பழனி ரோட்டை ஒட்டி ஒரு காலனி புதிதாக எழும்பியிருந்தது. பூட்டுத் தொழிலாளிகள், சுருட்டுக் கம்பெனிக்காரர்கள், தோல் ஷாப்பு குமாஸ்தாக்கள் சேர்ந்து சங்கம் வைத்துக் கட்டிய வீடுகள். சங்கத்தை நடத்த ஏழு டைரக்டர்கள், அவர்களில் ஒருவர் தலைவர். தலைவருக்கு ஊருக்குள் வெங்காய மண்டி. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நடப்பாயா? நடப்பேன் என்றேன். வேலை கிடைத்தது. ஆபீஸ் தாழ்வாரத்தில் படுக்கை.

கூட்டம் என்றால் டைரக்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். எங்கள் சங்கத்தில் அப்போது வாய்ச்சொல்தான் அழைப்பு. நான் வாசலில் நின்று, என்ன கூட்டம், எப்போது, எதற்கு என்று சொல்லிவிட்டால் அழைப்பு போய்விட்டது என்று அர்த்தம். ஒரு வாசலில் சொல்லாமல் விட்டாலும் அந்தக் கூட்டம் செல்லாது. இதை முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதன் கனம் அன்று எனக்குத் தெரியவில்லை.

காலனியில் எல்லோரும் என்னைச் 'சங்கத்து மாப்பிள்ளை' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் சவரிமுத்து. ரோட்டு முனை வீட்டுக்காரர், பூட்டுத் தொழிலாளி. வீட்டின் பின்பக்கம் சின்னதாக உலை வைத்து, மனைவி அன்னம்மாளும் அவருமாக அரத்தால் பூட்டு ராவுவார்கள். மூன்று பெண் பிள்ளைகள். நான் அந்த வழியாகப் போனால் அரத்தை நிறுத்திவிட்டு, "என்ன மாப்ளே, இன்னிக்கு எந்த மாமியா வீட்டுல விருந்து?" என்பார். சில நாள் விருந்து அவர் வீட்டிலேயே நடக்கும். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும்.

அந்த முனை மனை தலைவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. ரோட்டுமேல் இருந்ததால் லாரி வந்து நிற்க வாகான இடம், மண்டிச் சரக்கை வைக்க ஒரு கிட்டங்கி போடலாம். சங்கத்துத் துணைவிதியில் வீட்டுக்குள் தொழில் செய்யக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதை வைத்துச் சவரிமுத்துவின் ஒதுக்கீட்டை ரத்துசெய்துவிடலாம். ஆனால் ரத்துசெய்யக் குறைந்தது நான்கு டைரக்டர்கள் கை தூக்க வேண்டும். தலைவருக்கு அவரையும் சேர்த்து மூன்று கைகள்தான் இருந்தன. மற்ற நான்கு பேரும் ஒத்துவரவில்லை.

அந்த நான்கு பேரில் மூத்தவர் ஒருவர் திடீரென்று மாரடைப்பில் இறந்துபோனார்.

இடையில் ஓர் இடம் காலியானால் எப்படி நிரப்புவது என்று விதி இருந்தது. மீதியிருக்கும் டைரக்டர்கள் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பி, அதற்கென்றே கூட்டம் கூட்டி, சங்க உறுப்பினர் ஒருவரைப் பெரும்பான்மையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உறுப்பினர் எல்லோரும் கூடும் அடுத்த மகாசபை வரை அவர் இருப்பார். அவ்வளவுதான். ஆனால் எங்கள் காலனியில் அதை நினைத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை. காரணம், இறந்தவருடைய பதினாறாம் நாள் காரியம்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தகப்பன் போனால் பதினாறாம் நாள் மகன் தலையில் உருமால் கட்டுவார்கள். தாய்மாமன் முதலில், அப்புறம் உறவுமுறை. தகப்பன் இடம் இனி இவனுக்கு என்று ஊரறியச் சொல்வது அது. இறந்தவருக்கு ராசு என்று ஒரே மகன், தோல் ஷாப்பில் வேலை. மாமன்மார் கட்டி முடித்ததும் தலைவர் எழுந்தார். சங்கத்தின் சார்பில் என்று சொல்லி ஒரு சரிகைத் துண்டை எடுத்து அவன் தலையில் கட்டினார். "இனிமே உங்கப்பன் எடத்துல நீதாம்ப்பா" என்றார். பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காலனி முழுவதும் அன்றே ராசுவை டைரக்டர் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது.

அடுத்த போர்டு கூட்டத்தில் ராசு அப்பா நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். ஏன் உட்கார்ந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைவருக்கு எதிர்க் கட்சியான மூன்று பேரும் கேட்கவில்லை. அவர்களும் பந்தியில் இருந்தவர்கள்தானே. சவரிமுத்து விஷயம் வந்தது. தன் தலையில் துண்டு கட்டியவர் கை தூக்கும்போது தன் கையைக் கீழே வைத்திருக்க ராசுவுக்கு மனம் வரவில்லை. நான்கு கைகள் ஆயின. ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சவரிமுத்துவுக்குச் சொன்னவன் நான்தான். அன்று அவர் மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. அன்னம்மாள் மட்டும், "சாப்டியாப்பா?" என்று கேட்டது. கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டது.

சவரிமுத்து ஊருக்குள் ஒரு வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கை தூக்கியவர்கள் யார் யார் என்று கேட்டாராம். ராசு பெயர் வந்ததும், இவரை எப்போது எந்தக் கூட்டத்தில் சேர்த்தார்கள் என்றாராம். சவரிமுத்துவுக்குப் பதில் தெரியவில்லை. வக்கீல் சிரித்துவிட்டு, கூட்டுறவுத் துறை டெபுடி ரிஜிஸ்திராரிடம் வழக்குப் போட்டார். ராசு டைரக்டரே அல்ல, ஆகையால் ரத்து செல்லாது என்பது வழக்கு. விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கலாம் என்று உத்தரவு வந்தது.

தலைவர் லேசுப்பட்ட ஆளில்லை. காரியம் நடந்த அன்றே, அந்த வீட்டிலேயே கூட்டமும் நடந்தது, ராசுவை அங்கேயே தேர்ந்தெடுத்தோம் என்று பதில் போட்டுவிட்டார். டைரக்டர்கள் அன்று ஒரே இடத்தில் கூடியது உண்மை. தலைவர் எழுந்து பேசியது உண்மை. எல்லோரும் தலையாட்டியதும் உண்மை. ஒரு பொய்யை அத்தனை உண்மைகளுக்கு நடுவில் வைத்தால் யாருக்குத் தெரியும்? அழைப்பு போனது என்று சொல்ல மட்டும் ஒரு ஆள் வேண்டும். நான் போய்ச் சொன்னேன் என்று நான் சொல்ல வேண்டும். தம்பிகளே, அதுவரை என்னை ஏறெடுத்துப் பார்க்காத தலைவர் அன்று எனக்கு முட்டாசு இனிப்புப் பொட்டலம் வாங்கித் தந்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் அவர் மச்சினன் குருசாமி லாரியோடு வந்தார். ஏறு, ஆத்தூர் வரைக்கும் போய் வரலாம் என்றார். ஏறினேன். ஏறாமல் இருக்கத் தைரியம் இல்லை.

நீர்த்தேக்கக் கரையில் லாரியை நிறுத்தினார். கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. வாழை இலைப் பொட்டலத்தை அவிழ்த்து வைத்தார். புளிச்சோறு, வெஞ்சனத்துக்கு அவித்த முட்டை. பயம்தான். ஆனாலும் பசித்தது. சாப்பிட்டேன். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அவர் பேசினார்.

"நீ எந்த ஊருப்பா?"

"ஊருன்னு ஒன்னும் இல்லைங்க."

"ஆத்தா அப்பன்?"

"இல்லைங்க."

"கல்யாணமும் கட்டல. அப்ப நீ ஒரு நா இல்லேன்னா, எங்க போனான்னு கேக்க யாரு இருக்கா?"

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீச்சல் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

"எனக்குந் தெரியாதப்பு," என்று சிரித்தார். "அதான் நான் கரைய விட்டு எறங்குறதே இல்ல."

அவர் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, கை ஓங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். என்னை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, விசாரணையன்று தானே வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். என்ன சொல்ல வேண்டும் என்பதை மூன்று முறை சொல்லிக்கொடுத்தார். எல்லா டைரக்டர் வீட்டுக்கும் போனேன், எல்லாரிடமும் சொன்னேன். அம்புட்டுத்தான்.

காரியத்துக்கு முன்னால் நான் எல்லோர் வீட்டுக்கும் போனவன்தான், அப்படித்தான் நினைத்திருந்தேன். காரியத்துக்கு வரச்சொல்லி இறந்தவர் வீட்டில் என்னைத்தான் அனுப்பினார்கள். உருமாக்கட்டு காலை பத்து மணிக்கு என்று வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஆகவே அவர் கேட்ட பொய் முக்கால்வாசி உண்மை. கூட்டத்துக்குச் சொன்னேன் என்று ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். அந்த ராத்திரிகளில் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சின்னது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடிவிடலாம் என்றும் தோன்றியது. ஓடினால் சவரிமுத்துவுக்குச் சாட்சி இல்லை. அவர்களாக எதையாவது சொல்லி முடித்துவிடுவார்கள்.

சவரிமுத்து என்னிடம் சாட்சி சொல் என்று கேட்கவே இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கேட்டிருந்தால் முடியாது என்றாவது சொல்லியிருப்பேன்.

விசாரணை ஊருக்குள் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில். காலனியில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்து வராந்தாவை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மெதுவாகப் பேசுவார். முதலில் பெருமாள்சாமி என்ற டைரக்டரை விசாரித்தார். சுருட்டுக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை, தலைவர் எதைச் சொன்னாலும் ஆமாம் போடும் மனிதர். எனக்கு அழைப்பு வந்தது, நான் அங்கே போனேன், ராசுவுக்காகக் கை தூக்கினேன் என்று அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் காரியத்துக்குச் சொல்லப் போன அன்று அவர் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது.

மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். மஞ்சள் பூசி மாவிலை கட்டிய கால். சாவுக் காரியச் சேதியோடு அந்த வாசலில் யாராவது கால் வைப்பார்களா? பெருமாள்சாமி பெண்டாட்டி நான் தெருமுனையில் வரும்போதே பார்த்துவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியது. நான் எதிர்ச் சாரிக்கு மாறி, அந்த வீட்டுப் பக்கம் திரும்பாமலே நடந்தேன். அந்த வீட்டிலிருந்து காரியத்துக்கு ஒரு குஞ்சும் வரவில்லை. வரவும் கூடாது. பந்தியில் அத்தனை கூட்டத்தில் தலைவர் அதைக் கவனிக்கவில்லை. மாதங்கள் கழித்து ஆமாம் போட்ட பெருமாள்சாமிக்கும் தான் எந்த வீட்டுக்குப் போனதாகச் சொல்கிறோம் என்பது உறைக்கவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். குருசாமி வாசற்படியில் சாய்ந்து நின்றார். கையில் லாரி சாவி. அதைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

அதிகாரி கேட்டார்: "எல்லா டைரக்டர் வீட்டுக்கும் போய்ச் சொன்னீங்களா?"

தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். குடிக்கும்போது பல்லில் டம்ளர் இடித்த சத்தம் எனக்கே கேட்டது. சொல்லிக்கொடுத்ததைச் சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தைரியம் வந்து நான் எதையும் சொல்லவில்லை. பெருமாள்சாமி வீட்டுக்குப் போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். நட்ட பந்தக்காலைத் தாண்டிச் சாவுச் சேதி சொன்னவன் என்ற பேரை, ஊரில்லாதவனாக இருந்தாலும் எடுக்க முடியவில்லை.

"போனேங்க. ஒரு வீடு தவிர."

"எந்த வீடு?"

"அய்யா வீடுங்க," என்று பெருமாள்சாமியைக் காட்டினேன். "பந்தக்கால் ஊனியிருந்துச்சு. உருமாக்கட்டுக்கு வாங்கன்னு அங்க எப்படிங்க போய்ச் சொல்றது?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "உருமாக்கட்டுக்கா? நீங்க சொல்லப் போனது சங்கக் கூட்டத்துக்கில்லீங்களா?"

சவரிமுத்துவின் வக்கீல் பெருமாள்சாமி பக்கம் திரும்பி, பெண்ணுக்குப் பந்தக்கால் நட்டபிறகு சாவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். வராந்தாவில் பெருமாள்சாமியின் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். அவர் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். பெருமாள்சாமி முகம் வெளிறிவிட்டது.

"நான் போகலைங்க," என்றார். "அன்னிக்கு வீட்ட விட்டே நான் எறங்கல. எம் பொண்ணு மேல சத்தியம்."

பின்பெஞ்சிலிருந்து ராசு எழுந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. "சார், கூட்டமும் நடக்கல, ஒன்னும் நடக்கல. துண்டு கட்டி உக்காரச் சொன்னாக, உக்காந்தேன். அது டைரக்டர் ஆக்குறது இல்லேன்னு எனக்குத் தெரியாது," என்றான். வராந்தாவில் ஒருவர், "எங்களுக்கும்தான் தெரியாது," என்றார். சிலர் சிரித்தார்கள்.

அதிகாரி அன்றே சொல்லிவிட்டார். ராசு டைரக்டர் அல்ல. அவன் கையைக் கழித்தால் மூன்றுதான். ரத்து செல்லாது. காலியிடத்தை முறையாக அழைப்பு அனுப்பி நிரப்ப வேண்டும். சவரிமுத்து வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அன்னம்மாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தது.

தலைவர் படியிறங்கும்போது என் அருகில் நின்றார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். முகம் சாதாரணமாக இருந்தது.

"காலையில வேலைக்கு வந்துருப்பா," என்றார். "வழக்கம்போல."

பின்னால் குருசாமி நின்றார். சாவியைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தார்.

நான் தாழ்வாரத்துக்குப் போய் மூட்டையைக் கட்டினேன். முனை வீட்டைக் கடக்கும்போது சவரிமுத்து ஓடிவந்து ஒரு பூட்டைக் கையில் திணித்தார். தானே செய்தது, சாவியோடு.

"எனக்கு ஏதுண்ணே கதவு?"

"கதவு வரும் மாப்ளே. அதுவரைக்கும் கையில வச்சுக்க. கனமாத்தான் இருக்கு." குருசாமி லாரி நிற்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "மண்டையில பட்டா மாங்கா மாதிரி வீங்கும்."

அப்படித்தான் நான் வேடசந்தூர் ரோட்டில் நடந்தேன். பொழுது இறங்கும் நேரத்தில் அந்த லாரி வந்தது. ஹார்ன் சத்தம் எனக்குத் தெரியும். சோளத்துக்குள் குப்புறப் படுத்துக்கொண்டேன். லாரி மெதுவாக வந்தது. ஓர் இடத்தில் நின்றது. கதவு திறக்கும் சத்தம். யாரோ இறங்கி நிற்கிறார்கள். சோளத்தட்டை அசைந்தால் தெரிந்துவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். பூட்டை எறிய வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அது என் வயிற்றுக்கு அடியில் கிடந்து எலும்பில் அழுத்தியது. பிறகு கதவு சாத்திக்கொண்டது. லாரி போய்விட்டது. என்னைத் தேடித்தான் வந்தார்களா, ஒன்றுக்கிருக்க நிறுத்தினார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

சவரிமுத்து அந்த வீட்டிலேயே இருந்து மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆனால் நான் அந்த ரோட்டு முனைப் பக்கம் அப்புறம் போனதில்லை.

வேடசந்தூரில் மில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் படுத்திருந்தேன். விடிந்ததும் கடைக்காரர் எழுப்பி, மில் தொழிலாளிகள் வீடு கட்டும் சங்கத்தில் ஆள் தேடுவதாகச் சொன்னார். சங்கம் என்ற சொல்லே கசந்தது. வேறு வேலை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. போனேன்.

அங்கே செயலாளர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவசரத்தில் இருந்தார். ஒரு டைரக்டர் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டாராம். இடம் காலி. சாயந்திரம் கூட்டம் போட்டு ஆளைச் சேர்க்க வேண்டும். மற்ற டைரக்டர்கள் வீட்டை விரலால் காட்டினார். கடைசி வீட்டைக் காட்டும்போது மட்டும் கை தயங்கியது.

"அந்த வீட்ட விட்டுரு. அம்மை போட்டிருக்கு."

மற்ற வீடுகளை முடித்துவிட்டு அங்கே போனேன். நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது. தெருவில் ஒருவரும் அந்தப் பக்கம் நடக்கவில்லை. பெரியம்மை என்றால் அன்று எல்லோருக்கும் நடுக்கம். எனக்கும்தான். தெருவுக்கு எதிர்ச் சாரியில் நின்றேன். மூட்டைக்குள் கைவிட்டுப் பூட்டைப் பிடித்துக்கொண்டேன். பிறகு என்ன கூட்டம், எப்போது, எதற்கு என்று என் குரல் எட்டிய மட்டும் சத்தமாகச் சொன்னேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன்.

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "கேட்டுச்சுப்பா," என்று சொல்லும்வரை அங்கேயே நின்றேன்.